மாமி போனில் தந்த முறைப்பாடு

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமி,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்துவிட்டது. நேற்று மத்தியானம் கடிதம் வந்தது. உங்கள் மகள் வசந்தி கதிரையில் இருந்தபடியே அழுதாள். பேத்தி தாரணி உங்களிடம் சொல்லத்தான் அடுக்களைப் பக்கம் ஓடினாள். பாதி வழியில் நினைவு வந்து நின்றுவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்த ஆள்போல நின்றேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று வசந்தி கேட்டாள். உங்களை நேரே "மாமி" என்று கூப்பிடுவது எனக்கு இதுதான் முதல் தடவை. வாசிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். பதினொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டோம், நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஆண்தான் மனைவி வீட்டுக்கு வந்து குடியிருப்பது. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்காமல் இருப்பது மரியாதை. இந்தக் காலத்தில் பலர் அதை விட்டுவிட்டார்கள். நாம் இரண்டு பேரும் விடவில்லை. உங்களுக்கு அது வழக்கம். எனக்கு அது வசதி.

"மகள், அப்பாட்டச் சொல்லுங்க, சோறு மூடி வச்சிரிக்கன் எண்டு." பக்கத்து அறையில் இருக்கும் எனக்குக் கேட்கும்படிதான் தாரணியிடம் சொல்வீர்கள். அவளும் வந்து ஒப்புக்கு ஒருதரம் சொல்லிவிட்டுப் போவாள்.

ஊர் முழுக்க உங்கள் குரலுக்குப் பயம். உரக்கடைக்காரர், அறுவடை மெஷின் ட்ரைவர் எல்லோரும் உங்களிடம் வாங்கிக் கட்டியவர்கள்தான். வயலுக்குத் தண்ணீர் முறை வைக்கும் வட்டை விதானையார்கூட உங்களைத் தூரத்தில் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவார். அந்தக் குரல் எனக்கு முன்னால் மட்டும் எப்படி அடங்கிப்போகும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

போன வருடம் நான் வேலை பார்த்த மாபிள் கல் கடையின் கிளையை மூடினார்கள். அங்கேயும் நான் பின்பக்கக் களஞ்சியத்தில்தான் இருந்தேன். முன்னுக்கு வந்து ஆட்களுடன் கதைப்பது மற்றவர்களின் பாடு. வேலை போனதும் ஒன்லைனில் படிக்கத் தொடங்கினேன். முதலில் கணினியில் படம் வடிவமைக்கிற கோர்ஸ். பிறகு கணக்கு மென்பொருள். அதற்குப் பிறகு வீடியோ வெட்டி ஒட்டுவது. மூன்றுக்கும் சான்றிதழ் எடுத்தேன். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். வேலைக்கு விண்ணப்பித்தேன். அவர்கள் போனில் கூப்பிட்டால் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்திதான் கண்டுபிடித்தாள். "நீங்க படிப்பத் தெரிஞ்செடுக்கல்ல. வாயத் திறக்கத் தேவையில்லாத மூலையாப் பாத்துத் தெரிஞ்செடுத்திரிக்கீங்க" என்றாள். கோபம் வந்தது. ஏனென்றால் உண்மை. எந்தக் கோர்ஸையும் திறந்தவுடன் நான் முதலில் பார்த்தது பாடத்தையல்ல, மைக் போட்டுக் கதைக்க வேண்டுமா என்பதைத்தான். வேண்டும் என்று இருந்தால் மூடிவிடுவேன்.

நாலாவதை அவளே பதிந்துவிட்டாள். போனில் வாடிக்கையாளருடன் கதைக்கப் பழக்கும் பத்து வாரக் கோர்ஸ். ஒவ்வொரு வாரமும் ஒரு பயிற்சி அழைப்பைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். இன்னொருவர் கோபமான வாடிக்கையாளராக நடிக்க வேண்டும். வசந்தியை வைத்து முயன்றேன். நான் வணக்கம் சொல்லி முடிக்குமுன் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். இரண்டு வாரம் ஒன்றும் அனுப்பவில்லை. மூன்றாம் வாரமும் அனுப்பாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று ஆசிரியர் எழுதினார். அன்று காலை நான் வசந்தியிடம், "விடுவம். எனக்கு ஏலா" என்று சொன்னது அடுக்களைவரை கேட்டிருக்க வேண்டும்.

பத்து நிமிடத்தில் என் போன் அடித்தது. 'வசந்தியின் அம்மா' என்று திரையில் விழுந்தது. அந்த இலக்கத்திலிருந்து எனக்கு ஒருநாளும் அழைப்பு வந்ததில்லை. எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹலோ, ஆரு கதைக்கிற? நான் உங்கட கடையில தண்ணிப் பம்ப் வாங்கின ஆள். மூணு நாளில நிண்டுபோச்சு. பயிரெல்லாம் காயுது. இப்ப என்ன செய்யப்போறீங்க?"

குரல் போனிலும் வந்தது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "வணக்கம்... அம்மா... உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றேன்.

"வருந்தி என்னத்துக்கு? பம்ப் எப்ப வரும், அதச் சொல்லுங்க!"

போனை வெட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தாரணி வந்தாள். "அப்பா, கம்பனிக்காரர் லைன வெட்டிப்போட்டாராம். இன்னொருக்கா எடுக்கட்டா எண்டு அம்மம்மா கேக்காங்க."

மாமி, அன்று நீங்கள் ஐந்து தரம் கூப்பிட்டீர்கள். ஐந்தாம் தரம்தான் நான் திகதி சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உங்கள் பம்ப் நின்றது, ஹோஸ் வெடித்தது, மோட்டர் எரிந்தது. போனை வைத்ததும் பழையபடிதான். "மகள், அப்பாட்டச் சொல்லுங்க, தேத்தண்ணி ஆறுது எண்டு." ஆசிரியர் எனக்கு எழுதினார், வாடிக்கையாளராக நடிப்பவர் மிகத் திறமைசாலி என்று. நீங்கள் நடிக்கவில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

கடைசி வாரத்தில் ஒருநாள் உங்கள் குரல் தணிந்திருந்தது. "இண்டைக்கு பம்ப் இல்ல. வேற முறைப்பாடு" என்றீர்கள். "எங்கட வீட்டுக்கு ஒரு ஆள் வந்து பதினொரு வரிசம். இன்னும் அவர்ட உடுப்பெல்லாம் கட்டிலுக்குக் கீழ பைக்குள்ளதான் இரிக்கு. அலுமாரியில அரைவாசி சும்மா கிடக்கு. எப்ப எழும்பிப் போயிருவாரோ எண்டு எனக்கு ஒரே யோசின. இத எந்தப் பகுதிக்குச் சொல்லுற?"

அது என் ஊர் கதிரவெளியிலிருந்து நான் கொண்டுவந்த பை. கடல் ஊருக்குள் வந்த வருடத்திலிருந்து, தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஒரு பைக்குள் எல்லாவற்றையும் வைப்பது என் பழக்கம். அது உங்களுக்கு இப்படித் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. முறைப்பாட்டை முழுதாகக் கேள், உன் வாயால் திருப்பிச் சொல், எப்போது தீரும் என்று சொல்லாமல் அழைப்பை முடிக்காதே என்பதுதான் கோர்ஸில் படிப்பித்தது. "அந்த ஆள் இன்னும் விருந்தாளிபோல இருக்கிறார், அதுதானே அம்மா உங்கள் முறைப்பாடு?" என்றேன். "ஓம். அதுதான்" என்றீர்கள். எப்போது தீரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதிந்துவைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதிவை நான் ஆசிரியருக்கு அனுப்பவில்லை.

அடுத்த கிழமை வயலிலிருந்து வந்து நெஞ்சு நோகிறது என்றீர்கள். நான் ஓட்டோ கொண்டுவந்து வீட்டைப் பூட்டினேன். நீங்களும் வசந்தியும் பின்னால். நான் ட்ரைவர் பக்கத்தில். சந்தி தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டீர்கள்.

"தம்பி, வீட்டுத் திறப்பு உங்களிட்டத்தானே?"

இடையில் தாரணி இல்லை, போன் இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். நான் திரும்பாமலே "ஓம்" என்றேன். ஏன் திரும்பவில்லை மாமி? ஏன் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினேன்? அன்று பின்னேரம் அதே திறப்பால் கதவைத் திறந்துதான் உங்களைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தோம்.

நேர்முகத் தேர்வு வீடியோவில்தான் நடந்தது. விவசாய இயந்திரங்கள் விற்கும் கம்பனி. தமிழில் அழைக்கிறவர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை. ஒரு பிள்ளை கோபமான வாடிக்கையாளராக நடித்தாள். பாவம், உங்களோடு பார்த்தால் அது ஒரு கோபமா? முழுதாகக் கேட்டேன், திருப்பிச் சொன்னேன், திகதி கொடுத்தேன். குரல் நடுங்கவில்லை.

வீட்டில் வேறு என்ன புதினம்? வசந்தி சின்னப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற கோர்ஸ் ஒன்று தேடுகிறாள். எதை எடுக்க என்று என்னைக் கேட்டாள். சான்றிதழைப் பார்க்காதே, கிழமைக்குக் கிழமை உன்னை என்ன செய்யவைக்கிறார்கள் என்று பார் என்றேன். பெரிய ஆள்போலச் சொல்லிவிட்டேன், சிரிக்காதீர்கள். உழவு மெஷின்காரர் நீங்கள் இல்லைத்தானே என்று நாளைக் கடத்தப் பார்த்தார். நானே போனில் கூப்பிட்டேன். உங்கள் அளவுக்குச் சத்தம் வரவில்லை. ஆனாலும் திகதி வாங்கிவிட்டேன்.

இன்று காலை பையை வெளியே இழுத்து உதறினேன். வசந்தி துணி ஒன்றை நனைத்துக்கொண்டு வந்தாள். அலுமாரியின் அந்த அரைவாசியைத் துடைத்துத் தந்தாள். உடுப்பெல்லாம் அடுக்கியாயிற்று. வெறும் பையைத் தாரணி எடுத்துக்கொண்டாள்.

இந்த வீட்டுக்கு வரும் எந்த அழைப்பையும் இனி அடித்து ஓய விடமாட்டேன். இது வாக்கு. உங்கள் முறைப்பாட்டுக்கு அன்று திகதி சொல்லவில்லை அல்லவா? இன்றுதான் அந்தத் திகதி. ஓட்டோவில் கேட்டதற்கும் இப்போது திரும்பிப் பார்த்துச் சொல்கிறேன்.

ஓம் மாமி. திறப்பு என்னிடம்தான்.

உங்கள் வீட்டிலேயே இருக்கும்,
உங்கள் மருமகன்