பிர்க்காவை லாரியில் ஏற்ற மாட்டேன்

ஸ்டோர்நெஸ், ஃபின்மார்க்
அக்டோபர் பாதி, ஞாயிறு

அன்புள்ள ராக்னாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் குறை சொல்ல முடியாத அளவுக்குச் சௌக்கியம், அங்கே நீயும் உன் பட்டியில் இருக்கிற அத்தனை நாய்களும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். வழக்கமான வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இந்த முறை உன் உடம்பைப் பற்றி நிஜமாகவே கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்று பிறகு சொல்கிறேன், அதற்கு முன்னால் உன்னோடு சண்டை போட வேண்டியது நிறைய இருக்கிறது.

மார்ச் மாதம் நடந்த நாய்வண்டிப் பந்தயத்துக்குப் பிறகு ஏழு மாதம் ஆகிறது, என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை நீ. போன வாரம் திடீரென்று நாலு வரி வருகிறது, அதுவும் எனக்கு இல்லை, அப்பாவின் கைப்பேசிக்கு. அந்த மனிதருக்கு எதையும் மனதுக்குள் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும்தானே? அடுப்படியில் நின்று உரக்கப் படித்தார். "அப்பா, வெள்ளிக்கிழமை ஊத்வாரோட மீன் லாரி தெக்கே வருது, அதுல பிர்க்காவ ஏத்தி விடு, பயிற்சி ஆரம்பிச்சாச்சு, முன்னால ஓட அவ வேணும். அம்மாகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்." படித்து முடித்த பிறகுதான் நான் பக்கத்தில் நிற்பதே அவருக்கு உறைத்தது. என்னிடம் கேட்க வேண்டாமாம்! பிர்க்காவின் தாய் குட்டி போட முடியாமல் தவித்தபோது இதே அடுப்படித் தரையில் மண்டி போட்டு அவளைக் கையில் வாங்கியது யார்? மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தவளைத் துண்டால் தேய்த்துத் தேய்த்து உயிர் வரவழைத்தது யார்? நீ அப்போது நண்பர்களோடு பனிச் சறுக்கப் போயிருந்தாய். ஊத்வார் சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தார். நான் வாசலிலேயே போய் நின்றுகொண்டு, "நாயைக் கேட்டு வந்தா லாரிய அங்கயே திருப்பிக்கோ, என் வீட்டு நாய் ஒண்ணும் மீன் பெட்டி கிடையாது" என்றேன். பாவம், அவர் என்ன செய்வார். "உங்க வீட்டு வம்பு எனக்கு எதுக்கு குத்ருன், ஒரு காபி குடு, குடிச்சிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பறேன்" என்றார். குடித்தார், கிளம்பினார். நீ அங்கே ரோரோஸில் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய், நன்றாக நில்.

பிர்க்கா நன்றாக இருக்கிறாள். அதைச் சொல்லாமல் உன்னைத் தவிக்க விடலாம் என்றுதான் நினைத்தேன், மனசு வரவில்லை. கோடை முழுக்க அவளை ஆற்றில் நீந்த வைத்தேன், அந்த வலது முன்னங்காலை ராத்திரிக்கு ராத்திரி எண்ணெய் தேய்த்து நீவி விட்டேன், செப்டம்பரில் நகரத்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம், இனிமேல் ஓடலாம் என்று சொல்லிவிட்டார். ஓடலாமாவது! முல்தேப் பழம் பறிக்கச் சதுப்புக்குப் போனபோது அப்பாவின் சின்ன வண்டியில் அவளைப் பூட்டினோம், வண்டி, வாளி, அப்பா எல்லாவற்றையும் சேர்த்து ஓடையில் கொண்டுபோய்த் தள்ளினாள். பழம் இந்த வருடம் சுத்தமாக இல்லை, பூக்கிற நேரத்தில் பனி விழுந்து கருகிப்போனது, இரண்டே இரண்டு பாட்டில்தான் தேறியது, ஒன்று உனக்கு என்று எடுத்து வைத்தேன், கோபத்தில் அதை நாமே தின்றுவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் ஒளித்து வைத்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆபரேஷனுக்குத் தேதி தரவில்லை. நமக்கு நடுவில் அவர் படுகிற பாடு வேறு. "ரெண்டு பேருக்கும் ஒரே மண்டை, ஒரே பூட்டு, சாவிதான் எங்கயோ விழுந்துடுச்சு" என்கிறார். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

இப்போது மார்ச்சுக்கு வருகிறேன். நீ ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியும். கடையில் மாக்ன்ஹில் என்னைப் பிடித்து நிறுத்தி, "ஏன் குத்ருன், பெத்த பொண்ணையே காட்டிக் குடுத்துட்டியாமே, ரெண்டாவதா வந்துட்டிருந்தவ ஆறாவதாப் போயிட்டாளாமே, உனக்கு என்ன அவ மேல அப்படி ஒரு வன்மம்" என்று கேட்டாள், ரொட்டி வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஆமா, காட்டிக் குடுத்தேன், நாளைக்கும் குடுப்பேன், உனக்கு ரொட்டி வேணுமா வேண்டாமா" என்றேன். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். நான் அன்றைக்கு, பந்தய வண்டிகள் ஓய்வுக்கு நிற்கிற நம் ஊர் நிறுத்தத்தில், சமையல்கட்டில் நின்றேன், ஓட்டிகளுக்குச் சூப்பும் காபியும் கொடுக்கலாம், நாய்கள் பக்கம் விரலை நீட்டக் கூடாது, பெற்ற மகளாக இருந்தாலும் ஒரு பிடி வைக்கோல் எடுத்துப் போடக் கூடாது. அது விதி, நான் மீறவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே. நீ வந்து சேர்ந்ததும் மற்ற நாய்களைக் கவனிக்காமல் முதலில் பிர்க்காவை மட்டும் அவிழ்த்து, படகுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிச் சுற்றி நடக்க விட்டாய். சமையல்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று மறந்துவிட்டாயா? நீ எதற்கு நடக்க விட்டாய் என்று எனக்குத் தெரியாதா? நின்றால் கால் விறைத்துக்கொள்ளும், சூடு ஆறாமல் நடந்துகொண்டே இருந்தால் நாய் டாக்டர் வந்து பார்க்கிற நேரத்துக்கு நொண்டல் தெரியாது. அந்த டாக்டர் பெண் ஹென்ரிக்கே வந்தாள், பிர்க்காவை ஓட விட்டுப் பார்த்தாள், பிர்க்கா உனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். "எல்லாம் சரியா இருக்கா" என்று கேட்டதற்கு நீ சிரித்துக்கொண்டே, "பிர்க்காவா, அவ இரும்பு" என்றாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு நாயோடு கிளம்புகிறவர்கள் வழியில் இரண்டு மூன்றை விட்டுவிட்டுப் போவது எங்கும் நடப்பதுதானே, அதில் என்ன கேவலம்? வாயில்லாத ஜீவன் உனக்காக வலியை மறைக்கிறது, நீயும் சேர்ந்து மறைக்கிறாய்!

நீ போய்ப் படுத்த பிறகு நான் ஹென்ரிக்கேயிடம் போனேன். "இப்ப பாத்தது போதாது தாயி, அது நல்லாத் தூங்கி எழுந்திருக்கும்போது ஒருதரம் பாரு, வலது முன்னங்கால்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவள் வந்து எழுப்பினாள், பிர்க்கா எழுந்தாள், வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை, மூன்று காலில் நின்றுகொண்டு வாலை ஆட்டினாள். இனி இவள் ஓட முடியாது என்று ஹென்ரிக்கே உன்னிடம் சொன்னதும் நீ அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தாய். நடுவர், டாக்டர்கள், மற்ற ஓட்டிகள், நம் ஊர்ப் பிள்ளைகள், அத்தனை பேர் முன்னாலும் கத்தினாய், "நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று. பிறகு அந்த விவரம் தெரியாத சின்ன நாயை முன்னால் பூட்டிக்கொண்டு போனாய். அது ஆற்றுப் பனிக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தில் மிரண்டு உட்கார்ந்துகொண்டது, நாலு வண்டிகள் உன்னைத் தாண்டிப் போயின, அதற்கும் நான்தான் காரணம். பந்தயம் முடிந்து பின்லாந்து வழியாகத் தெற்கே போய்விட்டாய், பிர்க்காவைக் கூட்டிப்போக இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அவள் பத்து நாள் வாசலில் ஆற்றைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். என் மேல் கோபம் என்றால் என்னைத் தண்டி, அவள் உனக்கு என்ன பாவம் செய்தாள்?

இதுவரை எழுதியது போன வாரக் கோபம். இனி எழுதுவது வியாழக்கிழமைக் கோபம், அது வேறு. லாரி வெறுமனே திரும்பிப் போன பிறகு, இந்த வியாழக்கிழமை, உன் உதவிக்கு இருக்கிற யூஸ்தைன் அழைத்தான். பிர்க்காவை அடுத்த லாரியிலாவது விடச் சொல்லி என்னைத் தாஜா பண்ணத்தான் அழைத்தான், பாவம், நல்ல பையன், பேச்சு மட்டும் நிற்காது. "அவங்களுக்கு பிர்க்கா ரொம்ப ஒத்தாசைம்மா, சொன்ன பேச்சு கேக்கற நாய், கயிற இழுத்துப் பிடிக்க வேண்டியதில்ல, விரல் போனதுக்கு அப்புறம் அந்தக் கைல அவ்வளவு பிடி இல்லல்ல" என்றான். எந்த விரல் என்று கேட்டேன்.  "உங்களுக்குத் தெரியாதா" என்றான். இரண்டு விரலில் நுனி எடுத்துவிட்டார்கள், ஏப்ரலிலேயே, பனியில் செத்துப்போன விரல், என்று என் மகளைப் பற்றி அவன் வாயால் நான் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா திட்டுவாங்க என்று வைத்துவிட்டான். ஏழு மாதம்! ராக்னா, நீ என்னோடு பேசாமல் இருந்தது பிர்க்காவுக்காகவா, இல்லை இதை மறைப்பதற்காகவா?

அந்த விரலை நான் பார்த்தேன். மார்ச்சிலேயே பார்த்தேன். நீ சூப் குடிக்க உட்கார்ந்தபோது கரண்டியைச் சின்னக் குழந்தை மாதிரி முழுக் கையால் பிடித்தாய், கிண்ணத்தின் மேல் பார்வையை வைத்துக்கொண்டே குடித்தாய். இந்தப் பக்கம் உட்கார்ந்தவர் மறைத்ததில் எந்தக் கை என்று கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை, விரல் நுனிகள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து இருந்ததுதான் தெரிந்தது. கையைக் காட்டு என்றேன். "ஒண்ணுமில்லம்மா, எல்லாருக்கும் இப்படித்தான், சும்மா சும்மா பயப்படாத" என்று இரண்டு கையையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாய். நான் ஹென்ரிக்கேயிடம் போவதற்கு முன்னால் யாரிடம் போனேன் தெரியுமா? நடுவர் ஹால்வாரிடம் போனேன். "என் பொண்ணு கையக் கொஞ்சம் பாக்கச் சொல்லு, அவ விரல் சரியில்ல" என்றேன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான், "அக்கா, நாயப் பாக்க நாலு டாக்டர் வெச்சிருக்கோம், ஓட்டறவங்க பெரியவங்க, அவங்களா வந்து முடியலன்னு சொன்னாத்தான் நாங்க எதுவும் செய்ய முடியும்." நீயாக வந்து சொல்வாயா? நீ எந்தக் காலத்தில் சொல்லியிருக்கிறாய்? கால் கட்டைவிரல் உடைந்து பூட்ஸுக்குள் வீங்கிக் கிடந்தபோதும், எங்கே வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று மூச்சுக் காட்டாமல் எங்களோடு சறுக்கி வந்தவள்தானே நீ. அதனால்தான் நாயின் காலைச் சொல்லப் போனேன். பிர்க்காவின் கால் நிஜமாகவே கெட்டுத்தான் இருந்தது, அதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பிர்க்கா நின்றால் நீயும் நின்றுவிடுவாய் என்றுதான் நான் வாயைத் திறந்தேன். அவளைப் பற்றிச் சொன்னால் காது கொடுக்க ஆள் இருந்தது, உன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்க அங்கே ஒருத்தரும் இல்லை. நீ அவளை விட்டுவிட்டு அந்தக் கையோடு கிளம்பிப் போனாய். வண்டி ஆற்று வளைவில் மறைகிற வரைக்கும் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், இன்னும் நிறுத்தவில்லை.

ஆகையால் பிர்க்காவை அனுப்ப மாட்டேன். யார் வந்தாலும், எந்த லாரி வந்தாலும் அனுப்ப மாட்டேன். அவள் வேண்டுமென்றால் நீயே வா, வந்து கூட்டிக்கொண்டு போ, நான் தடுக்க மாட்டேன், அவள் உன்னுடைய நாய்தான். கையை வெளியே வைத்துக்கொண்டு வா, அவ்வளவுதான் நான் கேட்பது. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே வந்து சொல், அதையும் என் தலையில் கட்டாதே. கடவுள் உன்னையும் உன் நாய்களையும் நல்லபடி வைக்கட்டும், பனி சீக்கிரம் விழட்டும், விழுந்தது நிற்கட்டும், உன் கோபம் என் கோபத்தைவிட முதலில் ஆறட்டும், ஏனென்றால் என்னுடையது இப்போதைக்கு ஆறாது.

ஒன்று மட்டும் உடனே எழுது, வருவதற்கு முன்பே எழுது, தொலைபேசியில் சொல்லாதே, என்னால் அதைக் காதால் கேட்க முடியாது. கனத்த கையுறைக்குள் போடுகிற உள் கையுறையை வருடா வருடம் உனக்குப் பின்னுவேனே, இந்த வருடமும் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டேன், சாம்பல் நிறக் கம்பளி நூல், நல்ல நூல். இரண்டு கைக்கும் உள்ளங்கை முடிந்து, கட்டைவிரல் முடிந்து, வியாழக்கிழமை யூஸ்தைன் கூப்பிட்டபோது மற்ற விரல்களை ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். ஊசி அப்படியே நிற்கிறது. எந்தக் கை, எந்த இரண்டு விரல், எவ்வளவு நீளம் பின்னட்டும் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
குத்ருன்