பேய்வாயும் பொய்ப்பல்காரனும்

ஜூன் 4, வியாழன்

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. வரிகள் மேலே ஏறுகின்றன, பாதியில் சறுக்கி விழுகின்றன. ‘ழ’ போட்டால் அது வாலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வரியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பிற்பாடு இதைப் படிக்கப்போகும் கிழவனே, நீயும் நான்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள். ஓட்டல் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் ஈரப் போர்வை பிழிந்த கை இது. பேனாவையும் பிழிகிறது.

தினம் ஏதாவது எழுதுங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கக் கற்றுத்தரும் இந்த மாலை வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம். சந்தோஷமும் எனக்குத்தான் அதிகம். இன்று வரும் வழியில் மருந்துக்கடைப் பலகை முழுவதையும் நின்று படித்தேன். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம், படித்தாயிற்று என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 6, சனி

நூலகத்தில் எனக்கும் ஒரு அட்டை கொடுத்துவிட்டார்கள். என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று நூலகத்து அம்மா கேட்டார். பேய் என்றேன். புதிதாக ஒருவர் எழுதியிருக்கிறாராம், முதல் புத்தகமாம், ஜாம்பி கதையாம். ஜாம்பி என்றால் நடைபிணம். பேய்க்கு உடம்பு கிடையாது, இவர்களுக்கு உடம்பு மட்டும்தான் என்று விளக்கினார்.

பேய் விஷயத்தில் எனக்கே பாடமா? வேலையில் இருந்தவரை சலவைக்கூடத்தில் எனக்குப் பெயரே பேய்வாய். டீ நேரத்தில் நான் வாயைத் திறந்தால் இஸ்திரிப்பெட்டிகளை நிமிர்த்தி வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மடிப்புக்காரர் ஒருவர் பட்டப்பகலில் உலர்த்தும் அறைக்குத் தனியாகப் போகமாட்டேன் என்று மேலாளரிடம் முறையிட்டார். காரணம் நான்.

பின்னட்டையில் எழுதியவன் படம் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி, மீசை சரியாக வரவில்லை. பொய்ப்பல் செய்து கொடுக்கும் வேலையாம். பல் செய்கிறவன் கடிக்கிறவர்களைப் பற்றி எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று இவளிடம் சொன்னேன். சிரித்தாள். இவள் என்றால் என் மனைவி. வேறு யாரை நான் இவள் என்பேன்.

ஜூன் 9, செவ்வாய்

மதியம் சாப்பிட்ட பிறகு இவளுக்குப் படித்துக் காட்டினேன். தையற்கடைக்காரர் கொடுத்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். நான் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கம் முடிவதற்குள் சட்டையே முடிந்துவிடும்.

ஆனால் கதை — ஒப்புக்கொள்கிறேன் — நன்றாக இருக்கிறது. செத்தவர்கள் எழுந்து வந்து யாரையும் கடிக்கவில்லை. அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். ஒரு பெண்ணின் புருஷன் இறந்த மறுவாரம் வந்து தட்டுகிறான். திறக்கலாமா, கூடாதா? அந்த இடத்தில் இவள் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டாள். இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.

கால்! கல்யாணமான நாளிலிருந்து இவளுக்கு நான் பேய்க்கதை சொல்கிறேன். ஒரு கால்கூட எழும்பியதில்லை.

ஜூன் 10, புதன்

என் ஈரப்போர்வைக் கதையை இன்று மறுபடி சொன்னேன். துவைக்கும் இயந்திரத்தைத் திறந்தால் போர்வை தானாக நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஆள் இருக்கிற மாதிரி. சலவைக்கூடமே நடுங்கிய கதை. இவள் கேட்டாள்: “அந்தப் போர்வை இன்னும் காயலையா?”

ஜூன் 12, வெள்ளி

படித்துவிட்டுப் புத்தகத்தை நான்தான் அவன் படம் அடியில் போகும்படி அலமாரியில் வைக்கிறேன். காலையில் பார்த்தால் பின்னட்டை மேலே இருக்கிறது. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். யார் திருப்பி வைப்பது என்று கேட்டேன். “பாவம், சின்ன வயசு, எப்படித்தான் தோணுதோ அந்தப் பிள்ளைக்கு” என்றாள்.

பிள்ளையாம். எனக்கு என்ன தோன்றவில்லையா? என்னிடம் அச்சு இயந்திரம் இல்லை, அவ்வளவுதான். கண்ணாடியில் என் பல்லைப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் சொந்தப் பல். இதைப் போய் யாரிடம் சொல்லிக்கொள்வது.

அதற்காகப் படிக்காமலும் இருக்க முடியவில்லை. வயிற்றெரிச்சலோடு இன்னும் இரண்டு பக்கம் படித்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். அந்தப் பெண் தாழ்ப்பாளில் கை வைக்கும் இடம் வந்தது. அதோடு அவன் கதையை நிறுத்திவிட்டு, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே என் போர்வையை உள்ளே விட்டேன். கதவுக்கு வெளியே ஈரப்போர்வை நிற்கிறது, சொட்டுச் சொட்டாக வடிகிறது என்று படிப்பது போலவே சொன்னேன். அவன் பெயரில் போனாலாவது இவள் பயப்படுவாள் அல்லவா?

இவள் நூலைப் பல்லால் அறுத்தாள்.

“இது அந்தப் பிள்ளை எழுதினது இல்ல.”

“போட்டிருக்கே!”

“எங்க போட்டிருக்கு? நீங்க ஒரு இடத்துலகூடத் திக்கல. விரலும் போட்ட இடத்துலயே நிக்குது. யாருகிட்ட?”

விரலை நான் மறந்துபோனேன். மானம் போயிற்று.

ஜூன் 17, புதன்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முடிவு படிக்கவில்லை. நூலகத்து அம்மா பிடித்ததா என்று கேட்டார். எழுத்து சின்னதாக இருக்கிறது, கண் வலிக்கிறது என்றேன். பொய்.

ஜூன் 18, வியாழன்

இவள் பேசவில்லை. நானும்தான்.

ஜூன் 19, வெள்ளி

பேசினாள். “அவ திறந்தாளா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்.” அவ்வளவுதான், பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். கல்யாணமானதிலிருந்து என்னிடம் ஒரு கதையின் முடிவையும் இவள் கேட்டதில்லை. பாதியிலேயே தூங்கிவிடுவாள். அந்தப் பல்காரன் இவளைத் தூங்கவிடாமல் செய்துவிட்டான். நான் செய்ய நினைத்ததெல்லாம் அதுதானே? எதற்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்? நானே வாசலைத் திறந்து அவனை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டேன். எனக்கு நல்லா வேணும்.

ஜூன் 21, ஞாயிறு

மகள் வந்தாள். அம்மா சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அந்தப் புத்தகம் மகளுடைய போனிலேயே இருக்கிறதாம். நான் விட்ட இடத்திலிருந்து கடகடவென்று படித்துக் காட்டினாள். எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும், மகள் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள். புருஷன் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமான நாற்காலியில் உட்காருகிறான். முடிந்தது.

எனக்கு முதுகு சில்லிட்டது. நல்ல முடிவு. பாவி, நன்றாகத்தான் எழுதுகிறான்.

இவளுடைய காலைப் பார்த்தேன். இரண்டும் தரையில் இருந்தன. “ஓகோ” என்றாள். பிறகு மகளிடம், குழந்தைக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

ஜூன் 22, திங்கள்

காலையில் கேட்டேவிட்டேன். ஏன் பயப்படவில்லை?

“நம்ம பொண்ணு நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிச்சா. நீங்க படிக்கும்போது ‘கதவு’ வர்ற இடத்துல ‘கத’ன்னு ஒரு நிமிஷம் நிப்பீங்க. அடுத்த எழுத்து என்னன்னு உங்களுக்கே தெரியாது. உங்க மூஞ்சியே வெளிறிப் போகும். எனக்கு உசுரு போயி உசுரு வரும்.”

“அப்ப என் கதைக்கு மட்டும் ஏன் பயப்படல?”

“அதுல எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. போர்வை எப்ப எழுந்திரிக்கும்னு அதுக்கு முன்னாடியே சிரிக்கிறீங்க.”

சிரிக்கிறேனா? சலவைக்கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லையே.

உடனே நூலகத்துக்குப் போனேன். புத்தகத்தை வேறு யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். அதற்கும் எரிச்சலாக இருந்தது. அது யார் அது, என் புத்தகத்தை?

ஜூன் 24, புதன்

ஈரப்போர்வைக் கதையை எழுதி முடித்தேன். நேற்றும் இன்றும் வேறு வேலை இல்லை. முடிவை மாற்றிவிட்டேன். என்னவென்று இங்கே எழுதமாட்டேன். இவள் இப்போது எழுத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள்.

ஜூன் 27, சனி

மதியம் படித்தேன். என் எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. ‘ழ’வின் வால் கீழ்வரியில் கிடந்த சொல்லை மறைத்துவிட்டது. “இயந்திரத்தின் கதவு” என்பது வரை வந்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன? நான் எழுதியதுதான், ஆனால் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. விரல் நின்றது. நானும் நின்றேன். என் கழுத்து வியர்த்தது.

“படிங்க” என்றாள், மெதுவாக.

“இரு.”

ஊசி கீழே விழுந்தது. இவள் குனிந்து எடுக்கவில்லை. நான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓரமாக மட்டும் பார்த்தேன். ஒரு கால் மேலே போயிற்று. பிறகு இன்னொன்று.

பல்காரன் அடுத்த புத்தகம் எழுதுகிறானாம், நூலகத்து அம்மா சொன்னார். எழுதட்டும். அச்சில் வருகிற எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கும், பாவம். உலர்த்தும் அறைக் கதையை அடுத்த வாரம் இதே பேனாவில், இதே கையெழுத்தில் எழுதப்போகிறேன். கோடு போட்ட நோட்டு தருகிறேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.