சத்தம் போட்டு நீ பழக்கிய ஆட்டம்

இன்று காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் விசில் ஊதினார். காதோரமாக, நீளமாக, உன்னைப் போலவே. என் கை தானாகப் போய்த் தோள்பையில் இருந்த மட்டையைப் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன், யாரோ ஒரு இளைஞர். "விழுப்புரமாண்ணே? ஏறுங்க" என்றார். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

நாம் முதலில் சந்தித்ததும் இதே நிலையத்தில்தான். சென்னையிலிருந்து புதுச்சேரி வண்டியில் வந்து இங்கே இறங்கி, உன் வண்டியில் ஏறினேன். பழைய லுங்கியில் சுற்றிய நீளமான ஒன்று என் மடியில் இருந்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டாய்.

"இன்னாப்பா அது, கரும்பு வெட்றதா?"

"இல்லண்ணே. கோல்ஃப் ஆடற ஸ்டிக். பட்டர்னு சொல்வாங்க."

"திருவெண்ணெய்நல்லூர்க்காரன்கிட்டயே பட்டரா?" வண்டியே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நீ விடவில்லை. "இன்னா வேல பண்ற?"

"கேடி" என்றேன், வாய்க்குள்ளேயே.

"அதான் இவ்ளோ மெதுவா சொல்றியா?"

மறுபடி சிரிப்பு. அப்புறம் கூட்டம் குறைந்ததும் நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். பெரிய மனிதர்கள் கோல்ஃப் ஆடும்போது மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவனுக்குத்தான் அந்தப் பெயர் என்று சொன்னேன். திங்கட்கிழமைகளில் மைதானம் எங்களுக்கு, அன்றைக்கு நாங்களும் ஆடலாம், அப்படித்தான் கற்றுக்கொண்டேன் என்றும் சொன்னேன். கரும்பு வெட்டுபவரின் மகன் அந்தப் பச்சைப் புல்வெளியில் ஆடுகிறான் என்பதில் என்னைவிட உனக்குத்தான் பெருமை. வாரம் ஒருமுறை ஊருக்கு வரும்போதெல்லாம் உன் வண்டிக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன். "அண்ணே" கொஞ்ச நாளில் "மச்சான்" ஆனது.

தகுதிப் போட்டியில் நான் தோற்ற கதையையும் உன் வண்டியில்தான் சொன்னேன். அதில் தேறினால் தொழில்முறை ஆட்டக்காரனுக்கான அட்டை கிடைக்கும், பிறர் பையைச் சுமக்காமல் என் பையோடு போட்டிகளுக்குப் போகலாம். கடைசிக் குழி வரைக்கும் நன்றாகத்தான் ஆடினேன். பாய் விரித்த நீளம்கூட இல்லை, பந்தை மெதுவாக உருட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். சுற்றிலும் ஆட்கள் சத்தமில்லாமல் நின்று பார்த்தார்கள். கை நடுங்கிவிட்டது. பந்து குழிக்குப் பக்கத்தில் போய், எட்டிப் பார்க்காமலே தாண்டிவிட்டது.

"தனியா ஆடினா போவுதா?" என்றாய்.

"கண்ண மூடிக்கினு போடுவேன்."

"அப்போ ஆளுங்கதான் பேஜாரு. வுடு, நான் கூட்டிக்கினு வர்றேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த வாரம் கோலியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கே வந்துவிட்டாய். தண்ணீர் வற்றிய இடத்தில் ஆடுகள் மேய்ந்து மேய்ந்து புல் ஒட்ட வெட்டினாற்போல் இருக்கும். அங்கே சின்ன பெயின்ட் டப்பாவைப் புதைத்துக் குழி செய்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் பழகிக்கொண்டிருந்தேன். நீ உன் டிரைவரை இழுத்து வந்திருந்தாய். ஆடு மேய்க்கும் அஞ்சலை அக்காவையும், அந்தப் பக்கமாக மாட்டை ஓட்டிப் போனவரையும் கூப்பிட்டாய். எல்லோரையும் குழியைச் சுற்றி நிற்க வைத்துவிட்டு, நான் மட்டையை எடுத்ததும் காதோரம் விசில் ஊதினாய். "வழி வுடு, வழி வுடு, உள்ள போ!" என்று கத்தினாய். அஞ்சலை அக்கா, "பந்து எங்க ஆட்டு வயித்துக்குள்ள பூடப் போவுது" என்றார்.

பந்து எங்கோ போனது.

"ஒரு தபாதான்" என்றாய். நான் இரண்டாவது பந்தைத் தேடியபோது அதைக் காலால் மிதித்துக்கொண்டாய். "போட்டியில ரெண்டாவது தருவானா? தர மாட்டான்ல. இன்னைக்கு அவ்ளோதான். வா, பந்த வுட்டதுக்கு ஒரு வேல இருக்கு."

வேலை என்னவென்று விழுப்புரம் பேருந்து நிலையத்தில்தான் சொன்னாய். உனக்குப் பதிலாகப் படியில் நின்று நான் ஆள் கூப்பிட வேண்டும். வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட நான் சத்தமாகக் கேட்டதில்லை. நீ ஒரு தேநீரை வாங்கிக்கொண்டு எதிரே நின்று வேடிக்கை பார்த்தாய். பை நிறைய மல்லாட்டைக் கடலையோடு ஒரு அம்மா வந்து, "கூட்டேரிப்பட்டு நிக்குமாப்பா?" என்று கேட்டார். "நிக்கும்" என்றேன். "ஆங்?" என்றார். "நிக்கும்மா! கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் ஏறு, ஏறு!" எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று தெரியவில்லை. நீ தேநீரைக் கொட்டிக்கொண்டு கை தட்டினாய்.

அப்படி எத்தனை வாரம் போயிருக்கும்! ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு பந்து. விழுந்தால் வீட்டுக்கு, தவறினால் பேருந்துப் படிக்கட்டுக்கு. கை நடுங்குவது நிற்கவே இல்லை என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். "நடுங்கட்டும்டா. அது பாட்டுக்கு நடுங்கும். நீ உன் வேலயப் பாரு" என்றாய்.

பிறகு உன் குரல் கம்மியது. தூசி என்றாய், சளி என்றாய். முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் தொண்டையில் கட்டி என்றார்கள். சிகிச்சைக்குப் புதுச்சேரிக்கும் போய் வந்தாய். ஊரையே கூப்பிட்ட குரல் முழுசாக நின்றுபோனது.

அப்போதும் ஒருநாள் ஏரிக்கு வந்தாய். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. உன் மனைவி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்திருந்தார். குழிக்கு எதிரே நின்று என்னைப் பார்த்தாய். விசில் இல்லை, கத்தல் இல்லை. காற்று மட்டும் வீசியது. உன் சத்தங்கள் அத்தனையையும் பழகியிருந்த எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. போட்டியில் இருக்கப்போவதும் இந்த அமைதிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. கை நடுங்கியது, நடுங்கவிட்டேன். பந்து உருண்டு போய் டப்பாவில் விழுந்து டொக்கென்றது. நீ வாயைத் திறந்து சிரித்தாய். சத்தமே வரவில்லை. ஆனாலும் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்த தகுதிப் போட்டிக்கு முன்பே நீ போய்விட்டாய். நான் போட்டிக்குப் போகப்போவதில்லை என்று உன் வீட்டில் வந்து சொன்னேன். உன் மனைவி கோபப்பட்டுவிட்டார்.

"பேச முடியாம கெடந்தப்பகூட கைய ஆட்டி ஆட்டி உங்க ஆட்டத்தத்தாண்ணா காட்டுவாரு. எனக்கே மட்டை புடிக்கத் தெரியும் இப்போ. போய்ட்டு வாங்க."

போனேன். கடைசிக் குழியில் மறுபடியும் ஒரு பாய் நீளம். சுற்றிலும் ஆட்கள், அமைதி. கை நடுங்கியது. நான் என் வேலையைப் பார்த்தேன். பந்து குழியின் ஓரத்தைத் தொட்டு, கொஞ்சம் யோசித்து, உள்ளே இறங்கியது. முடிவு சொன்னதும் முதலில் உன் மனைவிக்குத்தான் அழைத்தேன். "தெரியும்ண்ணா" என்றார்.

இப்போது என் பெயர் போட்ட அட்டை என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் போட்டி, வெளி மாநிலத்தில். என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். தோற்கலாம். பையைச் சுமக்கும் வேலையையும் இன்னும் விடவில்லை. ஆனால் யாரும் பார்க்காத இடம் தேடி இப்போதெல்லாம் நான் போவதில்லை.

இன்று மாலை ஏரிக்கு வந்தேன். கரும்பு வெட்டிவிட்டுப் பெண்கள் கரைமேல் போய்க்கொண்டிருந்தார்கள். "இங்க வாங்க, கொஞ்சம் சுத்தி நின்னு சத்தம் போடுங்க" என்று நானே கூப்பிட்டேன். வந்தார்கள். ஒருத்தி கை தட்டினாள், ஒருத்தி என் நடையைக் கிண்டல் செய்தாள். மட்டையை எடுத்து ஒரே ஒரு பந்தை உருட்டினேன். அது குழிக்கு ஒரு விரல் தள்ளி நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைவிடச் சத்தமாக நான் சிரித்தேன்.

"நாளைக்கும் வரட்டா?" என்றாள் ஒருத்தி.

"வாங்க" என்றேன். "எல்லாரையும் கூட்டிக்கினு வாங்க."