இரண்டு கூடை கியர்பாக்ஸ்

7 ஜூலை, திங்கள்

காலையில் மூடுபனி. பத்து மணிக்குமேல் வெயில், ஆனாலும் துணி காயவில்லை.

இவர் காய்கறி ஏற்றி ஓட்டும் ஜீப் கொட்டகையில் நின்று இன்றோடு பதினெட்டு நாள். கியர்பாக்ஸ் போய்விட்டது. கீழே கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே மாடல் கிடைத்தாயிற்று. அதை மலைக்கு ஏற்றுவதுதான் பாடு. ஒரு வாரமாக நான் விசாரித்தவை:

கூரியர் — முப்பது கிலோவுக்கு மேல் எடுக்கமாட்டார்களாம். இது எண்பதைத் தாண்டும்.
பஸ் கவுண்டர் — "ஐயோ, எண்ணெய் ஒழுகுற சாமான் வேணாம்லா டீச்சர். ஆளுங்க பேக்கெல்லாம் நாறிடும்."
தனி லாரி — வாடகைக்கு இன்னொரு கியர்பாக்ஸே வாங்கலாம்.

நீளம், அகலம், உயரம் எல்லாம் அளவு கேட்டு நோட்டில் படம்கூடப் போட்டு வைத்திருந்தேன். மாலையில் இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "டீச்சர், விசயம் முடிஞ்சிச்சு. வசந்தி வழி சொல்லிட்டா" என்கிறார்.

வசந்தி. இவரோடு தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தவள். இப்போது கோலாலம்பூரில் ஒரு மொத்தக் காய்கறிக் கடையில் லாரி அனுப்புகிற வேலை. புருஷனைப் பிரிந்து நாலு வருடம்.

அவள் வழி: இங்கே பக்கத்துத் திரிங்காப்புக்கு முட்டைக்கோஸ் ஏற்ற வரும் லாரி, மேலே வரும்போது வெறும் காலிக் கூடைகளோடுதான் வருகிறது. அந்த லாரிகளில் கிலோக் கணக்கே கிடையாது, கூடைக் கணக்குத்தான். கியர்பாக்ஸை இரண்டாகக் கழற்றி இரண்டு கூடையில் வைத்தால் இரண்டு கூடைக் கூலி. கோஸானால் என்ன, இரும்பானால் என்ன.

நல்ல யோசனை. அதுதான் எரிச்சல். நோட்டை இவர் பார்க்கவே இல்லை.

8 ஜூலை, செவ்வாய்

மழை. ஐந்தாம் ஆண்டுக் கட்டுரை நோட்டு இருபத்திரண்டு, பாதி முடிந்தது. சீனி தீர்ந்துவிட்டது.

இவர் பின்வாசலில் போனோடு. வீட்டில் அங்கே மட்டும்தான் லைன் கிடைக்கும். அடுப்படி வரை கேட்டது.

"அடி லூசு, கோஸ் கூடையில அப்படியே வச்சா அடி பிச்சிக்கிட்டு விழுந்திரும்லா... என்னாது, சாக்கா? எத்தன சாக்கு? போடி!" பிறகு சிரிப்பு. நீளமான சிரிப்பு.

பதினேழு வருடத்தில் என்னிடம் ஒரு 'போடி' இல்லை. ஊரே டீச்சர் என்கிறது. வீட்டிலும் டீச்சர்தான். கல்யாணமான புதிதில் அதை மரியாதை என்று தோழிகளிடம் பெருமையடித்திருக்கிறேன்.

என் நம்பரை அவளிடம் கொடுத்திருக்கிறார். ஜீப் இல்லாததால் இப்போது லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறார். அங்கே கைப்போனுக்கு லைன் கிடையாது. லாரி புறப்பட்டதும் அவள் எனக்கு எழுதுவாள். நான் தோட்டத்து ஆபீஸுக்குப் போன் செய்து இவரிடம் சொல்லச் சொல்ல வேண்டும். முதல் செய்தி வந்துவிட்டது. "வணக்கம் அக்கா, நான் வசந்தி."

அக்கா! என்னைவிட மூன்று வயது மூத்தவள். அதைக்கூட விட்டுவிடலாம். இவரைக் குமார் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அண்ணன் என்று கூப்பிட்டிருந்தால் நான் அண்ணியாகியிருப்பேன், முடிந்துபோயிருக்கும். நான் அக்கா என்றால் இவர் அவளுக்கு என்ன முறை? மாமா. கட்டிக்கொள்கிற முறை. சோறு வடிக்கும்போதும் இதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், வேறு முறை வரவில்லை. பட்டம் வாங்கியவள் யோசிக்கிற யோசனை.

9 ஜூலை, புதன்

நல்ல வெயில். பள்ளிக்குப் பல் டாக்டர் வந்ததால் முதலாம் ஆண்டு முழுக்க அழுகை.

10.10க்குச் செய்தி. "அக்கா, லாரி 2 மணிக்கு திரிங்காப் ஷெட்ல நிக்கும். 6 மணிக்கு கோஸ் ஏத்திட்டு இறங்கிடும். எறக்க ரெண்டு ஆள் வேணும், குமார்கிட்ட சொல்லிடுங்க. நாலு சாக்கு போட்டுக் கட்டிருக்கேன். சிரிச்சிகிட்டே கட்டுனேன்னு சொல்லுங்க."

படித்தேன். போனை மேசை டிராயரில் வைத்தேன். மிச்ச நோட்டுகளைத் திருத்தினேன். இரண்டு மணி. மூன்று. நாலரை. ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? நானா?

ஆறரைக்கு வந்தார். முழங்கால்வரை சேறு. "லாரி என்னாச்சு டீச்சர்?"

"தெரியல."

சொல்லும்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன். நல்லவேளை.

10 ஜூலை, வியாழன்

கியர்பாக்ஸ் கோஸ் கூடைகளுக்கு அடியில் கிடந்து கேஎல்லுக்கே திரும்பிப் போய்விட்டது. ஷெட்டில் இடமில்லை, ஆள் வராத சாமானை இறக்கமாட்டார்கள். அடுத்த லாரி சனிக்கிழமை மாலைதான் புறப்படும். திங்களுக்குள் ஜீப் ஓடாவிட்டால் காய்கறி ஏற்றுகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகத் தோட்டத்து முதலாளி சீனர் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் புதன்கிழமையும் தெரியும்.

இவர் கோபப்படவில்லை. "டிரைவர் பொறப்பட்டதையே அவகிட்ட சொல்லலியாம். அதான் ஒனக்கு மெசேஜ் போடல. பாவம்லா வசந்தி, மன்னிப்பெல்லாம் கேட்டா."

போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். பத்து நிமிடத்தில் எனக்கு வந்தது: "அக்கா, நீங்க படிச்ச நீல டிக் பாத்தேன். பரவால்ல. டிரைவர் மேல போட்டுட்டேன். குமாருக்குத் தெரிய வேணாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இனி ஒவ்வொரு தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவாள், அக்கா என்று. என் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவள்.

பதில் போடவில்லை. இன்னொரு நீல டிக்.

11 ஜூலை, வெள்ளி

காலையிலிருந்து சாரல். கோயிலுக்குப் போகவில்லை.

நாளை இவரே கேஎல்லுக்குப் போவதாக இருந்தது. பஸ்ஸில் போய், கூடையோடு லாரியில் ஏறி வருவது. "மறுபடி விட்டுட்டா என்னா செய்றது? நேர்ல போறதுதான் நல்லது." நானே டிக்கெட் எடுத்துக் கொடுத்து அவளிடம் அனுப்பிவைப்பது மாதிரி ஆகிவிட்டது.

முகம் மழித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். மனசாட்சி என்று எழுதினால் பொய். அவள் தயவில் இருக்கப் பிடிக்கவில்லை.

"புதன்கிழமை மெசேஜ் வந்துச்சு. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

ரேஸர் நின்றது. "பள்ளிக்கூடத்துல லைன் இல்லியா?"

"இருந்துச்சு."

"பாடத்துல இருந்தியா?"

"இல்ல. படிச்சிட்டு சும்மா இருந்தேன்."

பாதி முகத்தில் நுரை. ஏன் என்று கேட்பார் என நின்றேன். பதில் தயாராக இருந்தது, பதினேழு வருடத்துப் பதில். கேட்கவில்லை. மறுபாதியையும் நிதானமாக மழித்து, முகம் கழுவி, ஈரத் துண்டை என் தோளில் போட்டார்.

"அப்ப நீ போய் எடுத்துட்டு வா."

"நானா? எண்பது கிலோவையா?"

"ரெண்டு கூடைதானே. அவ ஒரு பக்கம் புடிப்பா, நீ ஒரு பக்கம் புடி."

சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் ஜீப்புக்கு அடியில் போய்விட்டார்.

நாளை காலை எட்டு மணி பஸ், தானா ராத்தா டவுனிலிருந்து. எடுத்துவைக்க: வாந்தி மாத்திரை, கையுறை, பழைய துண்டு, டிரைவருக்கு ஏதாவது பலகாரம். அவன் பெயர் கெட்டது என்னால்.

எண்ணெய் ஒழுகுகிற இரும்பைத் தூக்கப் போகிறவளுக்குப் பழைய பஞ்சாபி சூட் போதும். தெரியும். பச்சைப் பட்டுச் சேலையை இஸ்திரி போட்டாயிற்று.