நடுத்தட்டி

சித்திரபானு வருடம், புரட்டாதி 11, ஞாயிறு.

கடும் வெயில். காற்றில்லை. கிணறு இரண்டு முழம் வற்றியிருக்கிறது.

இன்று செய்ய வேண்டியிருந்தவை: புத்தகப் பெட்டிகளுக்கு வேப்பிலை. மூக்குக்கண்ணாடிக்கு நூல். புராணத்தின் முதல் இரு படலங்களுக்கு வாய்விட்டுப் பயன் சொல்லிப் பார்த்தல்.

மூன்றாவது நடைபெறவில்லை.

ஐப்பசி 7, வெள்ளி, பி.ப. நான்கு மணிக்குக் கோயிலில் புராணப் படிப்புத் தொடக்கம். செய்யுளை ஒருவர் இசையோடு படிப்பார். பொருளை விரித்துப் பயன் சொல்வது நான். இருபத்தாறாம் வருடம். எழுபத்திரண்டு வயதுத் தொண்டை இவ்வருடத்துக்கு மேல் தாங்குமென்று தோன்றவில்லை. ஆகையால் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீர், பேச்சுக் குறைவு. குரலைச் சேர்த்து வைக்கிறேன்.

சேர்த்து வைத்து என்ன? அப்பால் வடக்குப் பங்கில் பூரணம். கொழும்பில் குண்டு விழுந்தபின் கணவன் அங்கே கந்தோர் வேலையில் நிற்க, ஐந்து பிள்ளைகளுடனும் காது கேளாத மாமனாருடனும் வாடகைக்கு வந்தவள். பிள்ளைகள் எல்லாரும் பத்து வயதுக்குக் கீழ். ஒரு கிராமபோன் பெட்டி. ஒரே இசைத்தட்டு, அதிலும் நடுவே கீறல். வீட்டை என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் சீதனமாகப் பங்கிட்டபோது வைத்த பலகைத் தட்டி ஒன்றே இடையில். முப்பது வருடத்தில் பலகைகள் சுருங்கி, இடுக்கில் விரல் நுழையும்.

மாலையில் தட்டிக்கப்பால்:

"எடி, கத்தாதை. சட்டம்பியார் படிக்கிறார்."

"அவர் படிக்கேல்லை அம்மா, இருமுறார்."

பள்ளிக்கூடத்தை விட்டபின்னும் ஊருக்கு நான் சட்டம்பியார்தான். உண்மையில் இருமவில்லை. விநாயகர் காப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புரட்டாதி 13, செவ்வாய்.

காலை ரயிலில் பூரணத்தின் தங்கை செல்லமும் வந்துவிட்டாள். நாலு பிள்ளைகள், மூன்று ட்ரங்குப் பெட்டி, ஒரு கிளிக்கூடு. அவளுக்கு எட்டு மாதம். கணவன் துறைமுகத்தில், லீவு இல்லையாம்.

கணக்கு: பூரணம், மாமனார், பிள்ளைகள் ஐவர், செல்லம், அவள் பிள்ளைகள் நால்வர். பன்னிருவர். கிளி வேறு.

பூசையில் பதிகத்தின் நான்காம் பாட்டிலிருந்து எட்டாம் பாட்டுக்குத் தாவிவிட்டேன். என் வாழ்நாளில் இதுவே முதல் முறை. திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். மாமனார் உரத்த குரலில், "ஆர் அது?" வாசலில் நிழல் அசைந்தாலும், காகம் இருந்தாலும் அவருக்கு அதே கேள்வி. யாரும் பதில் சொல்வதில்லை.

புரட்டாதி 14, புதன்.

நகர சபைச் சுகாதாரப் பரிசோதகருக்கு விண்ணப்பம் எழுதினேன். ஓரறையில் இத்தனை பேருக்கு மேல் தங்கலாகாதென்று சட்டம் உண்டென அறிவேன். நான்கு முறை திருத்தி எழுதியது:

"ஒரே வீட்டில், ஒரே கூரையின்கீழ், ஒரே கிணற்று நீரையுண்டு, பதின்மூன்று சீவன்கள் நெருக்குண்டு வாழும் அவலத்தைத் தங்கள் சமுகத்திற்குத் தெரிவிக்கின்றேன்."

வடக்குப் பங்கை மட்டும் சொன்னால் பன்னிரண்டு. என்னையும் சேர்த்துப் பதின்மூன்று. வாக்கியமும் நன்றாக நிறைந்தது. இதில் ஒரு செருக்கு இருந்ததை இப்போதே எழுதி வைக்கிறேன்.

புரட்டாதி 21, புதன்.

மேகம் கட்டிக் கலைந்தது.

பரிசோதகர் வந்தார். இளைஞர், காற்சட்டை, கையில் அளவுநாடா. வடக்குப் பங்கை அளந்தார். பிறகு என் பக்கத்தையும் அளக்க வந்தார். புத்தக அறை வாசலில் நின்று, "புத்தகத்துக்கு ஒரு அறையோ ஐயா?"

"அவை முப்பது வருடமாக அங்கே."

"அவை மூச்சு விடாது எல்லோ?"

கணக்குச் சொன்னார். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அரை ஆள். வடக்குப் பங்கு மட்டுமென்றால் ஆறு பேர் தங்கலாம், அங்கிருப்பதோ ஏழரை.

பூரணம் சிரித்தாள். "எனக்குக் கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் ஏழரைதான் ஐயா."

"ஆனால் முழு வீட்டுக்குப் பத்துப் பேர் இருக்கலாம்," என்றார். "சட்டம்பியாரோடை சேத்து எட்டரை. கணக்குச் சரி. பிழை என்னெண்டால் உந்த நடுத்தட்டி. காத்தை மறிக்குது. அதை எடுத்துப்போட்டு, அறையளைப் பங்கிட்டு இருக்க வேணும்."

இது இரண்டு பங்கு, இரண்டு வீடு என்றேன். அவர் பையிலிருந்து என் விண்ணப்பத்தை எடுத்து, என் எழுத்திலேயே எனக்குக் காட்டினார். ஒரே வீடு. ஒரே கூரை.

"மாத்துறதெண்டால் மாத்தலாம் ஐயா. இரண்டு வீடு எண்டு எழுதி ஒப்பம் வையுங்கோ. தட்டி நிக்கும். ஆனால் வடக்குப் பங்கிலை ஆறுக்கு மேலை இருக்கேலாது. பிந்தி வந்தவை வீட்டை விட்டு எழும்ப வேணும். அடுத்த கிழமை வியாழனுக்கிடையிலை சொல்லுங்கோ."

அவர் போனபின் செல்லம் தட்டியின் நீக்கலில் நின்றாள். முகம் முழுவதும் தெரியவில்லை. ஒரு கண்ணும் ஒரு கையும்.

"எங்களை எழும்பச் சொல்லுவினமோ ஐயா?"

"சொல்லமாட்டினம்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சிந்திக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

புரட்டாதி 22, வியாழன்.

நீர்வேலியிலிருந்து மச்சாள் வந்தாள். என் மனைவியின் தங்கை. வடக்குப் பங்கு அவளுடையது. ஒரு சீப்புக் கதலியும் ஒரு கோபமும் கொண்டுவந்தாள்.

"அத்தான், என்ரை பங்கை ஆரைக் கேட்டு உங்கடை பங்கோடை சேத்தனீங்கள்?"

"எழுத்தில் அப்படி அமைந்துவிட்டது."

"எழுத்திலை அமைஞ்சதோ? தட்டி போனால் நாளைக்கு எது ஆற்றை பங்கு எண்டு ஆர் சொல்லுறது? அக்கா இருந்தால் உப்பிடி விட்டிருப்பாவோ?"

இருந்தால் விட்டிருக்கமாட்டாள். தெற்குப் பங்கும் இன்று என்னுடையதன்று. மனைவி போனபின் அது மகளுக்கு. மகள் மலாயாவில். யுத்தம் தொடங்கியபின் ஒரு கடிதமும் இல்லை. கேட்கவும் வழியில்லை. இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அடி நிலம் இல்லை, காவலிருக்கிறேன், அவ்வளவே.

அப்படியென்றால் இரண்டு வீடென்று எழுதட்டுமா, செல்லத்தை எழுப்பட்டுமா என்றேன். மச்சாள் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றாள். பூரணத்திடம் தேநீர் குடித்து, நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

புரட்டாதி 26, திங்கள்.

கோயில் மனேச்சர் வீட்டுக்கு வந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருக்கிறது. உட்காரவில்லை.

"சட்டம்பியார், அந்தப் பிள்ளைக்கு எப்ப?"

ஐப்பசி முதல் வாரமென்று மருத்துவிச்சி சொன்னதாகத் தட்டிக்கப்பால் கேட்டிருந்தேன். சொன்னேன்.

"தட்டி நிண்டால் அது பிறிம்பான வேற வீடு. அங்கை பிறந்தால் துடக்குத் தீட்டு அவைக்கு, உங்களுக்கில்லை. தட்டி போனால் உங்கடை வீட்டிலைதான் பிள்ளை பிறக்குது. முப்பத்தொரு நாள் நீங்கள் கோயில் படி ஏறேலாது. சபையிலை கேப்பினம். நான் என்ன சொல்ல?"

"அவர்கள் எனக்கு உறவில்லையே."

"ஒரே வீடு எண்டு நீங்கள்தானே எழுதினியள்."

ஊரில் எல்லாரும் அந்த விண்ணப்பத்தை வாசித்துவிட்டார்கள் போலும். மாணாக்கருக்கு நான் எழுதிக் கொடுத்த எதையும் எவரும் இத்தனை கவனமாக வாசித்ததில்லை.

போகும்போது சொன்னார்: "உடுப்பிட்டியிலை ஒருத்தர் நல்லாப் பயன் சொல்லுவாராம். உங்களுக்கு வசதியில்லையெண்டால் சொல்லுங்கோ. இரண்டு வீடு எண்டு ஒப்பம் வைக்கிறதெண்டால் இந்த முறையும் பயன் சொல்லுறது நீங்கள்தான், வேற கதை இல்லை."

பனங்கற்கண்டு முடிந்துவிட்டது. வாங்குவதா, விடுவதா?

புரட்டாதி 29, வியாழன்.

முதல் மழை. பத்து நிமிடம். மண் மணம்.

காகிதம், மை, பேனை. "மேற்படி வளவில் உள்ளவை இரண்டு வீடுகளாம்" வரை எழுதினேன். அடுத்தது ஒப்பம்.

அப்பால் பூரணம் தங்கையிடம்: "பயப்பிடாதை. சட்டம்பியார் சொல்லிப்போட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்."

என்னைப் பற்றி அவளுக்கு யார் சொன்னது? ஆறு மாதமாக இவர்களை ஒருநாளும் முகம் பார்த்து விசாரித்ததில்லை. பிள்ளைகளின் பெயர் தெரியாது; குரல் மட்டும் தெரியும்.

அடைக்கலம் புகுந்தவரைக் காப்பதைப் பற்றி இருபத்தைந்து வருடம் கோயில் மண்டபத்தில் விரித்துச் சொல்லியிருக்கிறேன். சபை கண்ணீர் விட்டதுண்டு. நான் விட்டதில்லை.

ஒப்பம் வைக்கவில்லை. கருணை என்று எழுத மனம் ஒப்பவில்லை. சொன்ன சொல்லுக்குள் அகப்பட்டுக்கொண்டேன். பி.ப. பரிசோதகர் கந்தோருக்குப் போய் மாற்றமில்லை என்று சொன்னேன். வரும் வழியில் மனேச்சர் வீட்டு வாசலில் நின்று, உடுப்பிட்டியாருக்குச் சொல்லி அனுப்பும்படி சொன்னேன். அவர் உள்ளே வரச் சொன்னார். போகவில்லை.

ஐப்பசி 1, சனி.

தச்சர் வந்து தட்டியைக் கழற்றினார். ஒன்பது பலகை. காற்று வந்தது உண்மை. கிராமபோனும் வந்தது.

புத்தகங்கள் என் படுக்கை அறைக்கு. கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் பெட்டி. இறங்க ஒரே வழி. புத்தக அறை செல்லத்துக்கு.

என் மணிக்கூட்டின்முன் பிள்ளைகள் ஒன்பதும் வரிசையாக. இதுவரை அடிக்கும் ஒலியை மட்டும் கேட்டிருந்தார்களாம்.

"இதுதானே அது," என்றது ஒன்று.

என்னையும் அப்படியே பார்த்தன.

ஐப்பசி 4, செவ்வாய்.

மழை. எல்லாரும் உள்ளே. எழுத இயலவில்லை. கிளி "எடி, கத்தாதை" என்கிறது.

ஐப்பசி 7, வெள்ளி.

காலையில் தூறல், பின் வானம் வெளித்தது. வழக்கப்படி முழுகி, விபூதி தரித்து, புதுவேட்டி உடுத்தேன். பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவு வந்தது. மாற்றவில்லை. அப்படியே இருந்தேன்.

மருத்துவிச்சி மதியமே வந்துவிட்டாள். பிள்ளைகளை வேலியோரம் அனுப்பினார்கள். பூரணம் கதவைத் திறந்து, "ஐயா, மணிக்கூட்டைப் பாத்தபடி இருங்கோ. சாதகத்துக்கு நேரம் வேணும். எங்களிட்டை மணிக்கூடு இல்லை."

இருந்தேன். நான்கு மணிக்குக் கோயிற் சங்கு. இந்நேரம் உடுப்பிட்டியார் காப்புச் செய்யுளுக்குப் பொருள் சொல்லத் தொடங்கியிருப்பார். என் வாயும் அசைந்தது. குரலில்லாமல், ஒரு சொல்லும் தாவாமல், முழுதும் சொன்னேன்.

பி.ப. 4 மணி 13 நிமிடம். பெண். தாய் சுகம்.

பதினால்வர் ஆனோம். பரிசோதகர் கணக்கில் ஒன்பது. இன்னும் ஒருவருக்கு இடமுண்டு.

மாமனார் கூடத்திலிருந்து, "ஆர் அது?"

வாசலில் யாருமில்லை. எழுந்து போய்க் காதருகே குனிந்து, "எங்கடை வீட்டிலை பிள்ளை பிறந்திருக்கு," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த குரலில் இரண்டாம் முறை சொன்னேன்.