கேப்டன் தள்ளிவைத்த ஆட்டம்

எய்வின்,

மீன் சூப் குளிர்பெட்டியில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

"எல்லார் பரீட்சைத் தேதியும் உனக்கு மனப்பாடம், உன்னோடது தவிர" என்று நேற்று நீ சொன்னதும் எழுந்து போய்விட்டேன். நீ சொன்னது சரிதான். எங்கள் அணியின் இரண்டு சின்னப் பெண்களின் பரீட்சைக்காகப் பயிற்சியாளரோடு மல்லுக்கட்டி, பெர்கன் அணியோடு ஆடவேண்டிய ஹேண்ட்பால் ஆட்டத்தை இன்றைக்குத் தள்ளிவைத்தவள் நான். இன்று எனக்கே உடற்கூறியல் பரீட்சை. இரண்டு முறை தவறியாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு.

காலையில் துணைக் கேப்டன் தூவாவிடம் சொன்னேன். "போய் எழுதுடி. தோக்கறதுக்கு நீ வேற வரணுமா?" என்றாள். கேப்டன் கைப்பட்டையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிறேன்.

ரக்னில்ட்

பி.கு: நாலு மணிக்கு ஒரு நிருபர் வருவார். ஆட்டம், படிப்பு, தலைமை மூன்றையும் நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று எழுதப்போகிறாராம். வாஃபிளும் பழுப்புச் சீஸும் கொடு. நான் வரும்வரை நீ எதுவும் சொல்லாதே.