சர் ஆல்டரிக்கின் அறச்சார்பு

பிப்ரவரி 9, 1985, சனி

போதும். நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். அவர்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் இரண்டு மணி. நூலகத்தின் அடித்தள அறையில் இந்நேரம் பகடை உருண்டுகொண்டிருக்கும். நூலகர் லோர்னா ஹெகி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கதையை நடத்துவாள். கஸ் வோய்சிக் பாலாடைக்கட்டிப் பொட்டலத்தைத் தன் கைக்கு மட்டும் எட்டும்படி வைத்துக்கொண்டிருப்பான். என் நாற்காலியில் எல்லோருடைய கோட்டும் கிடக்கும்.

அக்டோபரில் நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக நடித்து, பகடை போட்டுக் கதையை நகர்த்தும் ஆட்டம் எங்களுடையது. சர் ஆல்டரிக் நான் ஏழு வருடம் ஆடிய வீரன். அவன் விவரத் தாளில் அறச்சார்பு என்ற கட்டத்தில் ‘ஒழுங்கு, நன்மை’ என்று முதல் நாளே எழுதினேன். அந்தச் சொல்லின் பலத்தில்தான் அவன் தொட்டால் பிறர் காயம் ஆறும். பாலத்தடியில் மூன்று கொள்ளையர்களை மடக்கினோம். ஊர்க்கிணற்றில் நஞ்சு கலந்தவர்கள். “வாளைக் கீழே போடுங்கள், உயிர் உங்களுடையது” என்று ஆல்டரிக் சொன்னான். போட்டார்கள். தூக்கிலிட்டான். அந்த ராஜ்ஜியத்தில் நஞ்சிட்டவனுக்குத் தூக்கு. அந்தச் சட்டத்தை எழுதியவளே லோர்னாதான்!

அவள் என் தாளை இழுத்தாள். எங்கள் தாள்களில் எல்லாமே பென்சில்தான். உயிர்ப்புள்ளி, பொன், அம்பு எதுவும் வாரத்துக்கு வாரம் மாறும். அவள் ‘நன்மை’யை அழித்துவிட்டு அந்த இடத்தில் ‘தீமை’ என்று எழுதினாள். பேனாவால். நான்கு பேர் முன்னால்.

“இனிமே ஆல்டரிக் தொட்டா காயம் ஆறாது.”

கஸ் சிரித்தான். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12

லோர்னாவுக்கு மறுப்பு: பதினோரு பக்கம். சுருக்க வேண்டும்.

பிப்ரவரி 13

பள்ளி மாடிப்படியில் தலைமையாசிரியர் வணக்கம் சொன்னார். 1979இல் விவாத அணியை என்னிடமிருந்து பிடுங்கிய அதே வாய். நானும் வணக்கம் சொன்னேன்.

பிப்ரவரி 15, வெள்ளி

மதுக்கடையில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனேன். கஸ் தன் பீரைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டான்.

“வாத்தியாரே, இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியுறியா? நாளைக்கு வந்து உக்காரு. லோர்னா அந்தக் கட்டத்தையே எடுத்துட்டா.”

“எந்தக் கட்டத்தை?”

“நீ சண்டை போட்டியே, அதைத்தான். நல்லவனும் கிடையாது, கெட்டவனும் கிடையாது. எல்லாரு தாள்லயும் அடிச்சாச்சு. என் திருடனைப் பாரு, ஏழு வருஷமா ‘நன்மை’ன்னு எழுதி வச்சிருந்தேன். ஏழு வருஷமா உங்க எல்லாரு பையிலயும் கையை விட்டேன். என்ன ஆயிடுச்சு?”

“என் பையிலயுமா?”

“ஆல்டரிக்கோட அந்த மாணிக்க மோதிரம் தானா தொலைஞ்சுதுன்னா நினைச்சே?”

சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது. நான் மீனைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன்.

பிப்ரவரி 16

ஆக, தீர்ப்பு நிற்கிறது, சட்டம் மட்டும் ரத்து! என்னைத் தண்டிக்கும் வரை அந்தக் கட்டம் தேவைப்பட்டது. தண்டித்ததும் அதற்கு உபயோகம் இல்லையாம்.

உபயோகம் இருக்கிறது. கஸ்ஸுக்குப் புரியாது. செய்த பிறகு காரணம் கண்டுபிடிக்க எவனாலும் முடியும். கோபக்காரன், திருடன், கோழை, எல்லோரிடமும் காரணம் இருக்கும், நல்ல காரணமாகவே இருக்கும். செய்வதற்கு முன்னால் நான் இன்னார் என்று ஒரு சொல்லை எழுதிவைத்து, கை துறுதுறுக்கும்போது அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுவதுதான் கடினம். அதற்காகத்தான் அந்தக் கட்டம். அது இல்லாவிட்டால் வீரன் என்பவன் வாள் வைத்திருக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான்.

இதைப் பதினோரு பக்கத்தின் தொடக்கத்தில் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 20, புதன்

நூலகத்துக்குப் போய், புத்தகம் திருப்பும் மேசையிலேயே கேட்டுவிட்டேன்.

“கட்டத்தை எடுத்தது போதாது. ‘நான் எழுதினது தப்பு’ன்னு அந்த நாலு பேர் முன்னாடி நீ சொல்லணும்.”

லோர்னா புத்தகத்தில் தேதி முத்திரை குத்திக்கொண்டே இருந்தாள். “தப்பு இல்லையே, லீலண்ட். உங்க வார்த்தையை நம்பித்தானே அவங்க வாளைக் கீழ போட்டாங்க?”

“அவங்க நிஜ ஆளுங்களே இல்லை.”

“அப்போ ஆல்டரிக்கும் இல்லை. பின்ன எதுக்கு நாலு மாசமா எங்கூடப் பேச மாட்டேங்கறீங்க?”

வரிசையில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

“அந்தக் கட்டம் ஒருத்தரையும் நல்லவரா ஆக்கலை,” என்றாள். “தனக்குத் தானே வச்சிக்கிட்ட பேருக்காக வழக்காடத்தான் உதவுச்சு. அதான் எடுத்துட்டேன். உங்க நாற்காலி அங்கேயேதான் இருக்கு.”

அந்தக் கனிவு இருக்கிறதே — அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட ஆட்டத்துக்குத் திரும்பியிருப்பேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில் ஆர்லீன் புக்ஹோல்ட்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். மார்ச் 7 நூலகக் குழு கூடுகிறதாம். அந்த விளையாட்டு பிள்ளைகளைப் பேய் வழிபாட்டில் தள்ளுகிறது என்று தொலைக்காட்சியில் பார்த்தாராம். குழுவுக்கு எதிர்ப்புக் கடிதம் சேகரிக்கிறார். புதன்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் லோர்னாதான் ஆட்டம் நடத்துகிறாள்.

மனதுக்குள் சிரித்தேன். எங்கள் பேய் எல்லாம் ஒரு புத்தகத்தில் படமும் எண்ணுமாகப் படுத்திருக்கும். ஆர்லீனின் கேக்கைவிட ஆபத்து குறைவு.

“சார், நீங்க படிச்சவங்க, அங்க உக்காந்து பாத்தவங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆளுங்களைத் தீயவன்னு தாள்ல எழுத வைக்கறாங்களாமே, நெசமா?”

சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்படி ஒரு கட்டம் இருந்தது,” என்றேன்.

“ஐயோ கடவுளே! அதை மட்டும் எழுதிக் குடுங்க சார், போதும்.”

பிப்ரவரி 26

பதினோரு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். புதிதாக ஒரே பக்கம், குழுவுக்கு. ‘இந்த ஆட்டத்தில் நன்மை, தீமை என்று ஒரு கட்டம் உண்டு. தீமையைத் தேர்ந்தெடுக்க அனுமதி உண்டு. ஊர் மக்கள் மதிக்கும் ஒருவரின் தாளில் நூலகர் தன் கையாலேயே தீமை என்று எழுதியதைப் பார்த்தேன். பிறகு அந்தக் கட்டத்தையே எல்லாத் தாள்களிலிருந்தும் நீக்கிவிட்டார். இப்போது அந்த அறையில் நன்மைக்கும் தீமைக்கும் வேறுபாடு இல்லை.’

மூன்று முறை படித்தேன். ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை.

மார்ச் 2, சனி

கஸ் வீட்டுக்கே வந்துவிட்டான். காலணியில் பனி அப்பியிருந்தது. உட்காரவில்லை.

“ஆர்லீன் கும்பல் அவளை வேலையைவிட்டே தூக்கப் பாக்குது, தெரியுமா? அவ புருஷனை டிராக்டர் தொழிற்சாலையில வேலையைவிட்டு நிறுத்தி எட்டு மாசமாச்சு. நீ வியாழக்கிழமை வந்து ரெண்டு வார்த்தை பேசணும். உன் பேச்சுன்னா கேப்பாங்க.”

“அவ கேட்டாளா?”

“அவதான் அனுப்புனா. ‘லீலண்டுக்கு என்மேல கோபம்தான், ஆனா இந்த மாதிரிப் பொய்யை அவர் சகிச்சுக்க மாட்டார்’னு சொன்னா.”

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நிமிடம் — எழுதத்தானே இந்த நோட்டு, எழுதுகிறேன் — அந்த நிமிடம் மேசை இழுப்பறையிலிருக்கும் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டிருப்பேன்.

“மோதிரத்தை வேணா திருப்பிக் குடுத்துடறேன், வாத்தியாரே,” என்றான் கஸ், சிரித்துக்கொண்டே.

எல்லாம் அவர்களுக்கு விளையாட்டு.

“வர்றேன்,” என்றேன்.

மார்ச் 4

பொய்யைச் சகிக்க மாட்டேன் என்றாளாம். நான் பொய் எழுதவில்லையே. அக்டோபரில் அவளுக்கு இந்த மரியாதை எங்கே போயிற்று? வேலை போவதும் போகாததும் குழுவின் முடிவு. அதில் என் கை எங்கே இருக்கிறது?

மார்ச் 5, செவ்வாய்

பள்ளியில் மதிய இடைவேளை. கடிதத்தைத் தட்டச்சு செய்தாயிற்று. குழுவின் முகவரி உறையில். நாளைக்கே கிடைத்துவிடும்.

வியாழன் மாலை ஆறரைக்குக் கஸ் வந்து கூட்டிப்போகிறான். போவேன். கேட்டால், லோர்னா நல்ல நூலகர் என்று சொல்வேன். அதுவும் உண்மைதான்.

கீழே பெயர் போடுவதா என்று நேற்றிரவு ஒரு மணி நேரம் யோசித்தேன். போட்டால் பழைய பகை என்பார்கள், விஷயம் கெட்டுவிடும். பெயர் இல்லாமல் இருந்தால் உண்மை மட்டும் நிற்கும். நல்ல காரணம்தான்.

‘இப்படிக்கு’ என்பதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் உறையை ஒட்டினேன். வகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. தபால் பெட்டி சாலைக்கு அந்தப் பக்கம்தான்.